நடந்த சேலை

தேனியில் நான் பதினான்கு வருடம் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் வாசலில் இப்போது புதிதாக ஒரு பலகை தொங்குகிறதாம். "ஏழு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கேள்வி கேட்க மாட்டோம்." நான் ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டு, "நீங்க இருந்திருந்தா இத மாட்ட விட்டிருப்பீகளாக்கா?" என்று சிரித்தார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். ஊழியர் சங்க மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கட்டிய சேலையைக் கட்டவே இல்லை என்று சத்தியம் செய்து திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் பாதியை மட்டும் எழுதுவதாக இல்லை. திரும்பி வரும் சேலையைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. கொண்டுவந்தவர் அதைக் கட்டினாரா என்பது முதலாவது. வாங்கி வைத்துக்கொண்ட கடை அதை என்ன செய்தது என்பது இரண்டாவது. முதல் கேள்வியைக் கேட்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இரண்டாவதைக் கேட்காமல் இருந்ததும் அதே சம்பளத்தில்தான்.

நான் எம்.காம். படித்தவள். தேனிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஆலையை மூடினார்கள். 1996இல் இந்தக் கடைக்கு வந்தேன். நேர்காணலில் மேலாளர் குருசாமி என் சான்றிதழ்களைத் தொடவில்லை. ஒரு பட்டுச் சேலையை மேசையில் போட்டு, "புதுசா, பழசா?" என்றார். முகர்ந்து பார்த்துவிட்டு, "பழசு. கட்டுனவுக ஜாதிமல்லி வச்சிருந்திருக்காக" என்றேன். மறுநாள் வரச் சொன்னார். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

முதல் மாடியில் வடக்கு ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை போட்டார்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பட்டு பொய் சொல்லும். வடக்கு வெளிச்சத்தில் சொல்லாது. சேலை வந்ததும் முதலில் முந்தியை முகர்ந்து பார்ப்பேன். மல்லிகை, வியர்வை, சாம்பார், குமுளிப் பக்கத்துக்காரர்கள் என்றால் தேங்காயெண்ணெய். எந்த வாசனையும் இல்லாமல் வெயிலின் வாசனை மட்டும் இருந்தால் இன்னும் சந்தேகம்: கொடியில் போட்டு ஆற வைத்திருக்கிறார்கள். பிறகு இடது தோள் வருகிற இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பேன். ஊக்குக் குத்திய இரண்டு ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். கடையின் மடிப்பு அகலமானது. கொசுவத்தின் மடிப்பு நான்கு விரல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் கட்டியாயிற்று. கீழ்க்கரையில் மண்டபத்துத் தரையின் அழுக்கு மெலிதாக ஏறியிருக்கும். இடுப்பில் செருகிய இடத்தில் ஜரிகை வியர்வை பட்டு மங்கியிருக்கும்.

கடைசியாக உள்தலைப்பு. இடுப்பில் முதலில் செருகுவோமே, அந்த ஓரம். புதுத்துணியின் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் குங்குமம் தொட்டு வைக்காமல் நம் வீடுகளில் யாரும் உடுத்துவதில்லை. கடையை ஏமாற்ற முடிவு செய்துதான் அந்தச் சேலையை வாங்கியிருப்பார்கள். உள்ளே துண்டு வைத்து ஊக்குக் குத்தியிருப்பார்கள்; உட்காரும்போது தாள் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் மட்டும் கட்டியிருக்க மாட்டார்கள். கடையைத்தானே ஏமாற்றலாம், சாமியை எப்படி ஏமாற்றுவது? திருட்டுக்குத் தாங்களே பக்தியோடு கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால்தான் எங்கள் பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தோம்: "மஞ்சள் குங்குமம் வைத்த துணிகள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

பார்த்ததை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதுவேன். தேதி, நிறம், கண்ட குறை, என் முடிவு. நூற்பாலைப் பழக்கத்தில் கூடுதலாக ஒரு பத்தியும் போட்டுக்கொண்டேன். நெசவு இடத்தில் ஒவ்வொரு பட்டுச் சேலையின் உள்தலைப்பு ஓரத்திலும் மையால் ஒரு எண் குத்தியிருப்பார்கள். கடை அட்டையை மாற்றலாம். அந்த எண்ணை மாற்ற முடியாது. அதையும் எழுதி வைப்பேன். கடையில் வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை.

தேவதானப்பட்டியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியையைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கு நீதிபோதனை நடத்துகிறவர் என்று அவரே சொன்னார்.

"பிரிக்கவே இல்லங்க. வீட்டுக்காரருக்குக் கலர் பிடிக்கல."

கொசுவம் வருகிற இடத்தைத் தூக்கி உதறினேன். மேசையில் நான்கு மஞ்சள் அரிசி விழுந்தது.

"இது என்னங்க டீச்சர்?"

"அரிசி."

"மஞ்ச அரிசியா இருக்கே."

"ஒங்க கடையில எங்கனயாச்சும் ஒட்டியிருக்கும்."

"எங்க கடையில அரிசி விக்கிறதில்லைங்க டீச்சர்."

அவர் கோபப்படவில்லை. அந்த நான்கு அரிசியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அட்சதையக் கீழ கொட்டக்கூடாது" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுச் சேலையோடு படியிறங்கினார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாடகையில்லாமல் ஒரு பட்டு கிடைக்கும் என்று வந்தவர், போகும்போது என்னை நாத்திகியாக்கிவிட்டுப் போனார்.

இதுவரை எழுதியதைத்தான் மலர்க்குழு எதிர்பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் திருடர், நாம் கெட்டிக்காரர். படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம்.

ஆனால் என் பதிவேட்டில் ஓடைப்பட்டிக்காரர் ஒருவரும் இருக்கிறார். திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டும் கூலிக்காரப் பெண். மகளின் நிச்சயம் முறிந்துபோனதால் எடுத்த சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் முழுதாகப் பார்த்தேன். கடை மடிப்பு கலையவில்லை. "கட்டப்படவில்லை. பெறலாம்" என்று எழுதினேன். பில்லை மட்டும் அவர் தொலைத்திருந்தார்.

குருசாமி மெதுவாகச் சொன்னார்: "பில் இல்லாம எடுக்க நடைமுறை இல்லையே தாயி."

"போன வாரம் இங்கன வந்துதானய்யா எடுத்தேன். நீங்கதான் நின்னீக. என் மூஞ்சி ஞாபகமில்லையா?"

"மூஞ்சிக்கு ரூல்ஸ் இல்ல தாயி."

அதே வாரம் ஒரு பெரிய வீட்டிலிருந்து பதினொரு சேலை திரும்பி வந்தது. பில் இல்லை. நான்கில் ஊக்கு ஓட்டை. குருசாமி கார்வரை போய் வாங்கி வந்தார். நான் எதிர்ப்பு எழுதினேன். அதன் கீழே "பெறலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூஞ்சிக்கு ரூல்ஸ் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

குருசாமியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், வாயில் வாசனைப்பாக்கு. பெண் ஊழியர்களை எல்லாம் "ஆத்தா" என்பார். அசிங்கமான எதற்கும் அவரிடம் ஓர் அழகான சொல் இருக்கும். கட்டிய சேலை என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "நடந்த சேலை" என்பார். "ஆத்தா, இது நாலு எட்டுத்தான் நடந்திருக்கு. உக்கார வச்சிருவோம்."

உட்கார வைப்பது கீழ்த்தளத்துப் பின்னறையில் நடக்கும். கறைக்கு வெள்ளைப் பெட்ரோல். விறைப்புக்குக் கஞ்சித் தெளிப்பு. கடை மடிப்பின்படியே இஸ்திரி, மடிப்புகளுக்குள் தாள், புது அட்டை, புது உறை. நான் சேர்ந்த காலத்தில் அப்படி உட்கார வைத்த சேலையின் மூலையில் ஒரு நீல நூல் முடிச்சுப் போடுவோம். அது ஆடித் தள்ளுபடியில் தனி மேசைக்குப் போகும். "திரும்பி வந்தது, அதான் குறைச்சுக் குடுக்கிறோம்" என்று வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்போம். தெரிந்து வாங்கினார்கள், சந்தோஷமாகவும் வாங்கினார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

2003 வாக்கில் நீல நூல் காணாமல் போயிற்று. குருசாமியிடம் கேட்டேன்.

"நூல் தீந்துபோச்சு ஆத்தா."

"நான் வாங்கிட்டு வாரேன்."

சிரித்தார். "சேலைக்கு வாயா இருக்கு, நான் நடந்தேன்னு சொல்றதுக்கு? நீங்க உள்ள வர்றதப் பாருங்க. வெளிய போறதப் பாக்க வேற ஆள் இருக்கு."

பார்க்க யாரும் இல்லை என்பதுதான் உண்மை. என் கண்ணெதிரே பழைய சேலைகள் புதுச் சேலைகளோடு அலமாரியில் ஏறின. எனக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். வருகிற பெண்களின் பொய்யைப் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்துக்கொண்டே, அதைவிடப் பெரிய பொய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வேறு வடக்கே பார்த்து இருந்தது, வசதியாகப் போயிற்று.

2007 வைகாசியில் மார்க்கையன்கோட்டைப் பக்கத்துத் தோட்ட முதலாளி வீட்டிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது. கிளிப்பச்சை உடம்பு, அரக்குக் கரை. வீட்டம்மா படியேறவில்லை, காரில் இருந்தபடி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். இடது தோளில் இரண்டு ஓட்டை, கொசுவ மடிப்பு, முந்தியில் சந்தன வாசனை. உள்தலைப்பில் அரக்குக் கரையின்மேல் மஞ்சள் குங்குமம். பதிவேட்டில் நெசவு எண்ணை எழுதி, "கட்டப்பட்டது. மறுக்கலாம்" என்று முடித்தேன். கீழே வழக்கம்போல "பெறலாம்". அந்த வீட்டில் அடுத்து ஒரு கல்யாணம் வரவிருந்தது.

"குங்குமம் கரையில ஊறிருச்சு, போகாது" என்று குருசாமியிடம் சொன்னேன்.

"அரக்குமேல செவப்பு எவ கண்ணுக்குத் தெரியும் ஆத்தா? உக்கார வச்சிருவோம்."

ஒன்றரை மாதம் கழித்து, ஒருநாள் காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உத்தமபாளையத்திலிருந்து சைத்தூன் பீவி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். மார்போடு அணைத்துக் கொண்டுவந்த சேலைப் பெட்டியை, மாடியில் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த திரும்பப் பெறும் கவுண்டரில் வைத்தார். அங்கே பால்ராஜ் இருந்தார். பதினைந்து வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவர் பிரித்தார், மூலையைப் பார்த்தார், நிமிராமலே ஒப்பித்தார்:

"மஞ்சக் குங்குமம் வச்ச துணியத் திருப்பி எடுக்கிறதில்லம்மா. பில்லுலயே அடிச்சிருக்கு பாருங்க."

"அண்ணே, கொஞ்சம் நிமிந்து என்னையப் பாருங்க."

பால்ராஜ் நிமிர்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க. நானா குங்குமம் வச்சேன்?"

பால்ராஜுக்கு வேறு வாக்கியம் தெரியாது. கொஞ்சம் தடுமாறி, "பக்கத்து வீட்டுக்காரவுக யாராச்சும் தொட்டிருப்பாக" என்றார்.

"எங்க பக்கத்து வீடு பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் வீடு. அவரு வச்சிருப்பாருங்கிறீகளா?"

சாம்பிராணிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். மகனுக்குக் கம்பத்தில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சேலை என்று இதை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கூடத்தில் நாற்பது பெண்கள் இருக்க, பெண்ணின் சின்னம்மா ரஹ்மத் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"எவளோ கட்டி அவுத்த சேலையவா எங்க புள்ளைக்குத் தூக்கிட்டு வந்தீகன்னு கேட்டாக. சபையில கேட்டாக. பத்து நாள்ல நிக்காஹ். நடக்குமா நடக்காதான்னு இப்ப அவுக பேசிக்கிட்டு இருக்காக."

அதற்குள் குருசாமி வந்துவிட்டார். "தாயி, மனசு வருத்தப்படாதீக. இதவிட ஒசத்தியா ஒண்ணு எடுத்துக்கங்க. காசு வேணாம்."

"எனக்குச் சேலையும் வேணாம், காசும் வேணாம். இன்னொரு சேலையக் கொண்டு போனா மொதச் சேலை பழசுன்னு நானே தெரிஞ்சு குடுத்ததா ஆயிரும். கடைக் காயிதத்துல ஒரு வரி எழுதிக் குடுங்க. இது எங்க கிட்டயே பழசா இருந்துச்சு, இந்தம்மாவுக்குத் தெரியாதுன்னு. அம்புட்டுத்தான்."

மாடியில் இருந்த எல்லோருக்கும் இப்போது விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஒரு வரி இருந்தால் அவர் மானம் திரும்பும், இல்லாவிட்டால் இல்லை. குருசாமிக்கும் புரிந்தது. அந்த ஒரு வரியை எழுதினால், கடை உட்கார வைத்த சேலைகள் எல்லாம் எழுந்து நின்றுவிடும். அவர் சேலையை எடுத்து என் மேசையில் விரித்தார்.

"ராஜாமணியம்மா, ஒங்கள மாதிரிப் பாக்குறதுக்கு இந்த ஜில்லாவுலயே ஆள் இல்ல. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது கட்டுன சேலையா, இல்லையா?"

விரிக்கும் முன்பே எனக்கு அந்தச் சேலையைத் தெரியும். இருந்தாலும் ஓர் இடம் விடாமல் நடைமுறைப்படி பார்த்தேன். முந்தியை முகர்ந்தேன். தோளை வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு ஓட்டைகளும் அங்கேயே இருந்தன. உள்தலைப்பில் நெசவு எண். என் கைக்கு எட்டும் தூரத்தில் பதிவேடு இருந்தது. நாலு பக்கம் பின்னால் புரட்டினால் போதும்.

"கட்டுன சேலைதான்" என்றேன்.

அது பொய்யில்லை. என் வேலைக்காலத்திலேயே அதைவிடத் துல்லியமான பதிலை நான் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், கேட்காததற்கு மௌனம். என்னைப்போல் படித்தவர்கள் இப்படித்தான் திருடுகிறோம்.

"கேட்டுக்கிட்டீகளா தாயி?" என்றார் குருசாமி, இன்னும் மென்மையாக.

சைத்தூன் பீவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கட்டுனதுன்னு எனக்கும் தெரியுமக்கா. யாரு கட்டுனதுன்னுதான் கேக்குறேன்."

நான் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சேலையைத் தானே மடித்தார். கடை மடிப்பில் இல்லை, வீட்டு மடிப்பில். பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் எனக்கு வார விடுப்பு. முந்தின மாலையே பதிவேட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைப் பதிவேட்டை வெளியே கொண்டுபோவது வேலைநீக்கத்துக்குரிய குற்றம். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். பில் நகலில் விலாசம் இருந்தது. காலையில் உத்தமபாளையத்தில் இறங்கி விசாரித்து அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"என்னக்கா, இன்னொரு தடவ முகந்து பாக்கணுமா?"

பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் நின்றபடியே விரல் வைத்து வாசித்தார். தேதி, நிறம், எண். "கட்டப்பட்டது. மறுக்கலாம்." அதன் கீழே "பெறலாம்." உள்ளே போய்த் தன் பில்லை எடுத்து வந்து தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் வாங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

"இது நேத்தே ஒங்க கைல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்பப் போயிருச்சா?"

"இல்ல. இப்பவும் இருக்கு."

நன்றி சொல்லவில்லை. துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க, கம்பம் வண்டி இப்ப வந்துரும்" என்றார்.

கம்பத்தில் பெண் வீட்டில் எங்களை அடுப்படிக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். ரஹ்மத் என்னைவிடக் கண்டிப்பான பரிசோதகர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலையின் எண்ணை ஓர் எழுத்து விடாமல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டி, அந்த வரி இடையில் நுழைத்து எழுதியதல்ல என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க கடையில வேற எத்தன பேருக்கு இப்படிக் குடுத்தீக?" என்றார்.

நான் எண்ணியதில்லை. அதற்குப் பதிவேட்டில் நான் பத்தி போட்டிருக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

சைத்தூன் பீவியிடம் அவர் தணிந்த குரலில், "மதினி, நான் சொன்னதத் திரும்ப எடுத்துக்கிறேன்" என்றார்.

"சபையில சொன்னத அடுப்படியில திரும்ப எடுக்கிறீகளே மதினி."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது; யாரும் இறக்கவில்லை. ரஹ்மத்தின் முகம் சிவந்தது. சண்டை மறுபடி ஆரம்பிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து பாலை இறக்கி வைத்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அதே கூடத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். நாற்பது பேர் இல்லை, இருபத்தைந்து இருக்கும். அவர்கள் நடுவில் நின்று, பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, ரஹ்மத் சத்தமாகச் சொன்னார்:

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இவுக ஏமாத்தல. இவுகளத்தான் ஏமாத்தியிருக்காக. எல்லாரும் கேட்டுக்கங்க. கேக்காதவளுகளுக்கும் போய்ச் சொல்லிருங்க, அன்னைக்கு மட்டும் தெருத்தெருவாச் சொன்னீகள்ல?"

தெருத்தெருவாகச் சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெண் மட்டும் என்னைக் காட்டி, "இவுக யாரு?" என்று கேட்டார். "கடைக்காரவுக" என்றார் ரஹ்மத். வேறு எதுவும் சேர்க்கவில்லை. எனக்குச் சேர வேண்டிய மரியாதை அவ்வளவுதான்.

திரும்பப் பெறுவதில் சரியான நடைமுறை எது என்று அந்தக் கூடத்தில்தான் பார்த்தேன். எங்கே கொடுத்தார்களோ அங்கேயே, எத்தனை பேர் பார்க்கக் கொடுத்தார்களோ அத்தனை பேர் பார்க்க, பழுதை மறைக்காமல் எடுத்துக்கொள்வது. எம்.காம். பாடத்தில் இது இல்லை.

கிளம்பும்போது ரஹ்மத், "இந்தச் சேலைய என்ன செய்யப்போறீக மதினி? கடையிலயே எறிஞ்சிட்டு வந்துருங்க" என்றார்.

"எறிஞ்சா எடுத்து உக்கார வச்சிருவாகளாம். வண்டியில வரும்போது இந்தக்கா சொன்னாக." சைத்தூன் பீவி கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். முந்திக்கும் உடம்புக்கும் நடுவே, அரக்குக் கரையில் ஆரம்பித்துக் குறுக்கே வெட்டினார். பட்டு கிழிகிற சத்தம் எனக்குப் பழக்கமில்லாதது. கூடத்தில் இரண்டு பேர் "ஆத்தீ" என்றார்கள். அவர் நிதானமாக நான்கு துண்டாக்கிவிட்டு, "இனிமே இது நடக்காது" என்றார்.

நிக்காஹ் சொன்ன தேதியில் நடந்தது. பெண், கம்பத்துக் கடைத்தெருவில் எடுத்த வேறொரு சேலை கட்டியிருந்தாளாம். எனக்குப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. அந்தக் கூடத்தில் இன்னொரு தடவை நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரே வாரத்தில் செய்தி தேனிக்கு வந்துவிட்டது. குருசாமி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ரெஜிஸ்டர வெளிய கொண்டு போனீகளா ஆத்தா?"

"ஆமா."

"நடைமுறை தெரிஞ்ச நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"தெரிஞ்சதாலதான் செஞ்சேன். வேலைய விட்டு எடுக்கிறதுன்னா எழுதிக் குடுங்க. காரணத்தையும் எழுதுங்க."

காரணத்தை எழுத அவரால் முடியாது என்று இருவருக்கும் தெரியும். வேலைநீக்கம் வரவில்லை. என்னைக் கீழ்த்தளத்தில் உள்ளாடைப் பிரிவில் போட்டார். அங்கே திருப்பிக் கொடுக்க யாரும் வருவதில்லை. வந்தாலும் பார்க்கும்படி யாரும் கேட்க முடியாது. நல்ல யோசனை என்று நானே ஒப்புக்கொண்டேன். மூன்று வருடம் பனியன் அளவு சொல்லிக்கொண்டு இருந்தேன். மாடியில் புதுப் பதிவேடு போட்டார்கள். அதில் நெசவு எண்ணுக்குப் பத்தி இல்லை. பழைய பதிவேட்டைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். சரி என்று சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இப்போது பலகையே வைத்துவிட்டார்கள். கேள்வி கேட்க மாட்டார்களாம். கொண்டுவருகிறவரைக் கேட்காவிட்டால் போகட்டும். வாங்கி வைக்கிற சேலை எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறீர்களா? சங்க மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் ஏதோ ஒரு பின்னறையில் ஏதோ ஒரு சேலையை உட்கார வைத்துக்கொண்டிருப்பீர்கள். "யாரு கட்டுனது" என்று சைத்தூன் பீவி கேட்ட கேள்வியை உங்களிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீல நூல் ஒரு கண்டு வாங்க ஆகும் செலவை நான் தருகிறேன்.

2010இல் ஓய்வு பெற்றபோது, பதிவேட்டைக் கிழிக்கச் சொன்னது தெரியாத கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். ஊழியர் கடைக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டிய பொருட்கள்: பூதக்கண்ணாடி ஒன்று, அளவு நாடா ஒன்று, பதிவேடு ஒன்று. முதல் இரண்டையும் மேசையில் வைத்தேன். மூன்றாவதற்கு எதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

"பயன்படுத்தப்பட்டது. திருப்பித் தரப்பட மாட்டாது."